குண்டர்களை எதிர்த்த காவலர்கள்: பழைய ஹாலிவுட் படங்களில் சட்டத்தின் பக்கம் ஏன் மங்கித் தெரிகிறது?

திரைச்சுருள் எழுதியது:

'லிட்டில் சீசர்', 'தி பப்ளிக் எனிமி', 'ஸ்கார்ஃபேஸ்' ஆகிய மூன்று படங்களைப் பற்றியும் இங்கே நிறையப் பேசிவிட்டோம். மூன்றிலும் கேங்ஸ்டரே நாயகன். அவன் எழுகிறான், ஆடுகிறான், விழுகிறான். இந்த இழையில் எதிர்ப்பக்கத்தைப் பேசலாம் என்று நினைக்கிறேன். கும்பலை ஒடுக்கப் புறப்பட்ட காவலரையும் கூட்டாட்சி அதிகாரியையும் அரசு வழக்கறிஞரையும் நடுவில் நிறுத்திய படங்கள் 1935 முதல் 1955 வரை ஹாலிவுட்டில் தொடர்ந்து வந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் நம் நினைவில் நிற்பவன் என்னவோ கேங்ஸ்டர்தான். அவனைப் பிடித்தவரின் பெயரைக்கூட மறந்துவிடுகிறோம். இது ஏன் நேர்ந்தது, எந்தப் படங்கள் இதிலிருந்து தப்பின என்பதே என் கேள்வி.

தொடக்ககாலப் படங்களில் காவலருக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது. 1932இல் வந்த 'ஸ்கார்ஃபேஸ்' படத்தில் கேங்ஸ்டராக வரும் பால் முனி, தன்னை அழைத்துப்போக வந்த துப்பறிவாளரின் பேட்ஜிலேயே தீக்குச்சியை உரசிப் பற்றவைக்கிறான். அதற்கு அவர் ஒரு குத்து விடுகிறார் என்பது உண்மைதான். ஆனால் அரங்கை விட்டு வெளியே வந்தவர்கள் பேசியது அந்தத் தீக்குச்சியைப் பற்றித்தான் இருந்திருக்கும். தணிக்கையாளர்களைச் சமாதானப்படுத்துவதற்காக 'தேசத்தின் அவமானம்' என்று பொருள்படும் துணைத்தலைப்பைச் சூட்டி, பத்திரிகை அதிபர் ஒருவர் குடிமக்களின் கடமையைப் பற்றிச் சொற்பொழிவாற்றும் காட்சியொன்றையும் பின்னர் ஒட்டவைத்தார்கள். படத்தின் இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் அதை இயக்கவில்லை, பார்த்தாலே தெரிந்துவிடும்.

1934ஆம் ஆண்டில் நிலைமை தலைகீழானது. அந்த ஆண்டு ஜூலை முதல் ஹாலிவுட்டின் தணிக்கை விதிகளைக் கண்காணித்த ஜோசப் பிரீனின் அலுவலகம் ஒவ்வொரு திரைக்கதையையும் முன்கூட்டியே படித்து ஒப்புதல் தரத் தொடங்கியது. கேங்ஸ்டரைப் போற்றும் படத்துக்கு இனி இடமில்லை என்றாயிற்று. அதே மாதம் 22ஆம் நாள் இரவு சிகாகோவின் பயோகிராஃப் திரையரங்கிலிருந்து வெளியே வந்த வங்கிக் கொள்ளையன் ஜான் டில்லிஞ்சரைக் கூட்டாட்சி அதிகாரிகள் சுட்டுக் கொன்றார்கள். அவன் கடைசியாகப் பார்த்த 'மன்ஹாட்டன் மெலோடிராமா', அரசு வழக்கறிஞராகிவிட்ட பால்ய நண்பனே கேங்ஸ்டர் நண்பனை மின்சார நாற்காலிக்கு அனுப்பும் கதை. கேங்ஸ்டராக நடித்த கிளார்க் கேபிள் அதில் சிரித்துக்கொண்டே சாகப் போகிறார். பார்வையாளர்களின் மனம் எந்த நண்பனோடு போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வார்னர் நிறுவனம் இதற்கு எளிய வழி ஒன்று கண்டது. 1935இல் 'ஜி மென்' படத்தில் 'பப்ளிக் எனிமி' ஜேம்ஸ் காக்னியின் கையிலேயே அரசாங்கத் துப்பாக்கியைக் கொடுத்தது. அதே வேகம், அதே வெடிப்பு, அதே தோள் அசைவு. சம்பளம் மட்டும் இப்போது அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. அடுத்த ஆண்டு 'புல்லட்ஸ் ஆர் பேலட்ஸ்' படத்தில் எட்வர்ட் ஜி. ராபின்சனும் இதேபோல் பக்கம் மாறினார். வேலையிலிருந்து நீக்கப்பட்டவராகக் காட்டிக்கொண்டு கும்பலுக்குள் நுழையும் துப்பறிவாளர் அவர்.

என் கருத்து இதுதான். சட்டத்தின் பக்கம் நிற்பவர் கும்பலின் வாசனை தன்மேல் ஏறும் அளவுக்கு அருகில் போகும்போது மட்டுமே திரையில் உயிர்பெறுகிறார். மேசைக்குப் பின்னால் நின்று பேசும்வரை அவர் அந்தப் பத்திரிகை அதிபரின் உறவினர்தான். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

இரவுக்காட்சி எழுதியது:

முதல் பாதியை ஏற்கிறேன், முடிவை ஏற்கவில்லை. அதற்கு முன் 'ஜி மென்' படத்துக்கு நீங்கள் தந்த ஒரு பத்தி போதாது.

அந்தப் படம் வந்தபோது அது ஏறத்தாழ நாளிதழ்ச் செய்தி. 1933 ஜூன் 17ஆம் நாள் கன்சாஸ் சிட்டி ரயில் நிலையத்துக்கு வெளியே, பிடிபட்ட கைதி ஒருவனைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்த அதிகாரிகள் மீது குண்டுமழை பொழிந்தது. நான்கு காவல் அதிகாரிகளும் அந்தக் கைதியும் செத்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் விஸ்கான்சின் மாநிலத்தின் லிட்டில் பொஹீமியா விடுதியில் டில்லிஞ்சர் கும்பலைச் சுற்றிவளைத்த கூட்டாட்சி அதிகாரிகள், கும்பலைக் கோட்டைவிட்டதோடு தங்கள் ஆள் ஒருவரையும் பறிகொடுத்தார்கள். அதன் பின்னரே ஆயுதம் தாங்கவும் கைது செய்யவும் அந்த அதிகாரிகளுக்கு முழு அதிகாரம் அளிக்கும் சட்டங்கள் 1934இல் நிறைவேறின. 'ஜி மென்' இந்த இரண்டு நிகழ்வுகளையும் சாயல் மாற்றித் திரும்ப நடத்திக் காட்டுகிறது. ஆயுதம் வேண்டும் என்று மன்றாடும் காட்சியும் உண்டு. லிட்டில் பொஹீமியாவில் நடந்த குளறுபடி மட்டும் திரையில் வெற்றியாகிவிடுகிறது.

காக்னியின் பாத்திரம் உங்கள் கருத்துக்கு முதலில் சாதகமாகத்தான் தெரியும். வழக்கறிஞரான பிரிக் டேவிஸைப் படிக்கவைத்ததே ஒரு கேங்ஸ்டரின் பணம். கோட்டில் கார்டீனியா மலர் குத்தும் பழக்கமுள்ள குற்றவாளி யார் என்பது மற்ற அதிகாரிகளுக்குத் தெரியாது. கேங்ஸ்டர்களோடு வளர்ந்த இவனுக்குத் தெரியும். இறுதியில் விடுதி முற்றுகையில், தன்னை வளர்த்த அந்த மனிதரைக் கும்பல் கேடயமாக முன்னே தள்ள, யாரென்று தெரியாமல் இவனே சுட்டுவிடுகிறான். இவ்வளவு கனமான காட்சியைப் படம் என்ன செய்கிறது? கிழவர் மன்னித்துவிட்டுச் சாகிறார். அவ்வளவுதான், அடுத்த துரத்தல் தொடங்கிவிடுகிறது. கும்பலுக்கு அருகில் போனதால் மட்டும் பாத்திரம் ஆழமாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இந்த வகைப் படங்களின் உண்மையான நாயகன் எப்போதும் கேங்ஸ்டர்தான் என்பது என் முடிவு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கணக்கர் எழுதியது:

இரண்டு நண்பர்களும் துப்பாக்கியை விட்டு வெளியே வரவில்லை. வரித் தணிக்கையில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் ஒரு விண்ணப்பம்: சிகாகோ கும்பல் தலைவன் அல் கபோனைச் சிறைக்கு அனுப்பியது துப்பாக்கியன்று, கணக்கேடு.

சட்டவிரோத வருமானத்துக்கும் வரி உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927இல் சல்லிவன் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தக் கதவு திறந்தபின் வருமான வரித் துறையின் புலனாய்வுப் பிரிவு, எல்மர் ஐரியின் தலைமையில் கபோனின் பின்னால் போயிற்று. களத்தில் இருந்தவர் ஃபிராங்க் வில்சன். சிசரோ நகரத்துச் சூதாட்ட விடுதியொன்றில் 1926இல் கைப்பற்றப்பட்டு எவரும் கவனிக்காமல் கிடந்த பேரேடுகளை அவர் தேடியெடுத்தார்; அவற்றிலிருந்த கையெழுத்தை ஒப்பிட்டு ஒப்பிட்டு அதை எழுதிய காசாளரை அடையாளம் கண்டார்; அந்த ஆளை மயாமியில் பிடித்துச் சாட்சியாக்கினார். நடுவர் குழுவுக்குக் கபோனின் ஆட்கள் வலைவீசுகிறார்கள் என்று தெரிந்ததும் நீதிபதி வில்கர்சன் குழுவையே மாற்றினார். 1931 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. 11 ஆண்டு சிறை, 50,000 டாலர் அபராதம். மதுவிலக்கு அதிகாரி எலியட் நெஸ்ஸின் குழு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் திரட்டிய ஆயிரக்கணக்கான குற்றச்சாட்டுகள் விசாரணைக்கே வரவில்லை.

இதைப் படமாக்க முடியாது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஜோசப் எச். லூயிஸ் 1949இல் 'தி அண்டர்கவர் மேன்' என்ற பெயரில் எடுத்தே காட்டினார். கிளென் ஃபோர்ட் வில்சனின் சாயலில் வருகிறார். பேரேடுகள் அடுக்கிய அறை, சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு கையெழுத்துகளைச் சரிபார்க்கும் மனிதர்கள், வியர்வை, சலிப்பு. படத்தின் பெரும்பகுதி இதுதான். கும்பல் தலைவனைப் 'பெரிய ஆள்' என்றுதான் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். அவன் முகத்தைப் படம் காட்டுவதேயில்லை. இரவுக்காட்சி அவர்களே, கேங்ஸ்டரே எப்போதும் நாயகன் என்றீர்கள். முகமே இல்லாதவன் எப்படி நாயகனாவான்?

அந்தப் படத்தில் ஒரு காட்சியை நான் இங்கே சொல்லியாக வேண்டும். சாட்சி சொல்ல முன்வந்த கும்பலின் கணக்கெழுத்தன் பட்டப்பகலில் தெருவில் கொல்லப்படுகிறான். வேலையை உதறிவிட்டு ஊருக்குத் திரும்ப ஃபோர்ட் மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போது, கொல்லப்பட்டவனின் கிழத்தாய் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். கிழவிக்கு இத்தாலிய மொழி மட்டுமே தெரியும். தன் ஊரில் தன் கணவன் குண்டர்களை எதிர்த்து நின்ற கதையை அவள் சொல்லச் சொல்ல, அந்தச் சிறுமி தகப்பன் செத்த துக்கத்தோடு ஒவ்வொரு வாக்கியமாக மொழிபெயர்க்கிறாள். ஃபோர்ட் ஒன்றும் பேசுவதில்லை. கேங்ஸ்டரின் வாசனை இந்த அதிகாரியின்மேல் துளியும் இல்லை. ஆனாலும் அவர் திரையில் உயிரோடுதான் இருக்கிறார். ஆகவே திரைச்சுருள் அவர்களின் கருத்துக்கும் இது பொருந்தாது.

திரைச்சுருள் எழுதியது:

கணக்கர் ஐயாவின் எதிர்வாதம் வலுவானது. அந்தக் கிழவியின் காட்சியை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் காட்சியில் உயிர்பெறுபவர் கிளென் ஃபோர்டா, கிழவியா என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள்.

இரவுக்காட்சிக்கு: 'ஜி மென்' அந்த உறவை வீணடித்தது என்பதை ஏற்கிறேன். பதினான்கு ஆண்டுகள் கழித்து அதே காக்னி நடித்த 'ஒயிட் ஹீட்' அதை வீணடிக்கவில்லை. அதில் அவர் நடித்த கும்பல் தலைவன் கோடி ஜாரெட்டைத்தான் நீங்கள் நாயகன் என்பீர்கள். சிறையின் உணவுக்கூடத்தில் தாய் இறந்த செய்தி ஒரு வாயிலிருந்து அடுத்த காதுக்கு வரிசையாகக் கடந்து வந்து சேர, அவன் மேசைமேல் ஏறி அலறும் இடத்தைச் சொல்வீர்கள். நான் அதற்கு முந்தைய ஓர் இடத்தைச் சொல்கிறேன். கோடிக்குத் தலைவலி வரும்போதெல்லாம் தாய்தான் பிடரியைத் தடவிவிடுவாள் என்று படம் முன்பே காட்டியிருக்கிறது. சிறைக்குள் அதே வலி வரும்போது அந்த வேலையைச் செய்பவர் கைதி வேடத்தில் உள்ளே அனுப்பப்பட்ட அதிகாரி ஃபாலன். எட்மண்ட் ஓ'பிரையனின் முகத்தைக் கவனியுங்கள். அவர் நடிப்பது கடமையா, இரக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தாயின் இடத்தில் தன்னை வைத்துக்கொண்டு ஒருவனைக் காட்டிக்கொடுப்பது கணக்கேட்டைப் புரட்டுவது போன்ற சுத்தமான வேலையன்று. கடைசியில் ரசாயன ஆலையின் வாயுத் தொட்டிமேல் நிற்கும் கோடியைத் தொலைவிலிருந்து துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடுபவரும் அதே ஃபாலன்தான். நான் சொல்லும் வாசனை இதுதான்.

இரவுக்காட்சி எழுதியது:

பிடரியைத் தடவும் காட்சி நல்ல எடுத்துக்காட்டு. ஆனாலும் அதே படத்தில் கோடியின் காரைக் கண்டுபிடிக்க அதிகாரிகள் வானொலி அலைக் கருவியும் வரைபடமும் வைத்துக்கொண்டு கோடு கிழிக்கும் நெடுங்காட்சிகளையும் பாருங்கள். அந்தக் கருவி இயங்கும் விதத்தை இயக்குநர் ராவுல் வால்ஷ் பொறுமையாகத்தான் விளக்குகிறார். 1949இல் அது புதுமையாக இருந்திருக்கலாம். இன்று அந்தப் பகுதி வரும்போது கோடி எப்போது திரும்ப வருவான் என்றுதான் காத்திருக்கிறோம்.

வெண்மதி எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் காவலர் என்ன ஆகிறார் என்றே பார்க்கிறீர்கள். காவலர் கும்பலை நெருங்கும்போது அவருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன ஆகிறார்கள் என்று கேட்கும் படம் ஒன்று உண்டு. ஃபிரிட்ஸ் லாங்கின் 'தி பிக் ஹீட்', 1953.

தொடக்கமே சொல்லிவிடுகிறது. காவல் அதிகாரியான கணவன் மேசையில் தலை சாய்த்துத் தற்கொலை செய்துகொண்டு கிடக்கிறான். மனைவி பெர்தா மாடிப்படியிலிருந்து இறங்கி வருகிறாள், அழவில்லை, அலறவில்லை, அவன் எழுதிவைத்த கடிதத்தைப் படிக்கிறாள், கும்பல் தலைவன் லகானாவுக்குத் தொலைபேசியில் பேசுகிறாள். லகானாவின் ஊழலை அம்பலப்படுத்தும் அந்தக் கடிதம் அவளுக்கு ஓய்வூதியத்தைவிடப் பெரிய வருமானம். காவல் துறை முழுக்க லகானாவின் சட்டைப்பையில் இருக்கும் ஊரில், கிளென் ஃபோர்ட் நடிக்கும் பேனியன் என்ற துப்பறிவாளர் மட்டும் தோண்டுகிறார். அவரிடம் பேசிய மதுக்கூடப் பெண் லூசி கொல்லப்படுகிறாள். அவருக்காகக் காரில் வைத்த வெடியில் மனைவி கேட்டி சாகிறாள். குண்டனாக வரும் லீ மார்வின் கொதிக்கும் காபியை முகத்தில் வீசியதால் வெந்துபோன அவன் காதலி டெபி, பேனியனால் செய்ய முடியாத கொலையை அவருக்காகத் தானே செய்துவிட்டுச் சாகிறாள். எல்லாம் முடிந்ததும் பேனியன் தன் பழைய மேசைக்குத் திரும்புகிறார், தொலைபேசி ஒலிக்கிறது, காபியைச் சூடாக வைத்திருக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். காபியைப் பற்றி! லாங் இதைத் தற்செயலாக வைத்திருப்பார் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

டெபி பெர்தாவைத் தேடிப் போகும் காட்சியில் இருவரும் ஒரே மாதிரி மின்க் கோட்டு அணிந்திருக்கிறார்கள். ஒருத்தி காவல் அதிகாரியின் விதவை. மற்றொருத்தி குண்டனின் காதலி. இருவரையும் உடுத்தியது ஒரே பணம் என்று லாங் ஒரு சட்டகத்தில் சொல்லிவிடுகிறார். டெபி சுடுகிறாள், பெர்தா செத்தால் கடிதம் வெளியே வரும், லகானாவின் கூடாரம் சரியும். சட்டம் வென்றது ஒரு பெண்ணின் கையிலிருந்த துப்பாக்கியால்தான். ஆனால் பதவி திரும்பக் கிடைத்தது பேனியனுக்கு.

ஆகவே திரைச்சுருள் அவர்களின் கருத்தில் ஒரு திருத்தம் வேண்டும். கும்பலின் வாசனை காவலர்மேல் ஏறினால் அவர் திரையில் உயிர்பெறுகிறார் என்பது சரி. விலையை அவர் கொடுப்பதில்லை.

இரவுக்காட்சி எழுதியது:

வெண்மதி அவர்களே, பேனியனை இவ்வளவு கடுமையாகத் தீர்ப்பிட வேண்டுமா? மனைவியை இழந்தவர் அவர். பெர்தாவின் கழுத்தை நெரிக்கக் கை வைத்தும் கொல்லாமல் விட்டவர். ஊரே விலைபோன இடத்தில் பேட்ஜைக் கழற்றிவைத்துவிட்டுத் தனியாக நின்றவர். அந்தப் பெண்களைக் கொன்றது கும்பல்தானே?

வெண்மதி எழுதியது:

கொன்றது கும்பல்தான். ஆனால் லூசி சொன்னதை அவர் முதலில் நம்பவில்லை என்பதையும், பெர்தா உயிரோடு இருக்கும்வரை கடிதம் வெளியே வராது என்பதை டெபியின் காதில் போட்டவர் அவர்தான் என்பதையும் படம் மறைக்கவில்லை. லாங் பேனியனைக் குற்றவாளியாக்கவில்லை, குற்றமற்றவராகவும் விடவில்லை. 'ஜி மென்' கிழவரை மன்னிக்கவைத்துத் தப்பித்த இடத்தில் இந்தப் படம் தப்பிக்க மறுக்கிறது. கோலூன்றி நடக்கும் ஒரு முதிய பெண், பழைய கார்களை உடைக்கும் கடையில் எழுத்தர், பேனியனுக்கு உதவிவிட்டும் உயிரோடு இருக்கிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்; இல்லாவிட்டால் யாராவது அதைக் கொண்டுவந்து என்னை மடக்குவீர்கள்.

நிழற்கோடு எழுதியது:

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். எல்லோரும் கதையைப் பற்றியே பேசுவதால் ஒளியைப் பற்றி நான் எழுதுகிறேன். சட்டத்தின் பக்கம் மங்கித் தெரிகிறது என்ற தலைப்பை ஜான் ஆல்டன் என்ற ஒளிப்பதிவாளர் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றிக் காட்டியிருக்கிறார் என்பதால் அவரைத் தவிர்க்க முடியாது.

1947இல் ஆந்தனி மான் இயக்கிய 'டி-மென்' சிறு நிறுவனத்தின் குறைந்த செலவுப் படம். கருவூலத் துறை அதிகாரிகள் இருவர் கள்ளநோட்டுக் கும்பலுக்குள் வேடமிட்டு நுழைகிறார்கள். அரசாங்கக் கட்டடங்களும் பின்னணிக் குரலும் வரும் பகுதிகள் தட்டையான, சீரான ஒளியில் செய்திப்படம் போலவே இருக்கும். அதிகாரிகள் கும்பலுக்குள் போனதும் ஆல்டன் விளக்குகளை அணைக்கத் தொடங்குகிறார். ஒற்றை விளக்கு, மேற்கூரை தெரியும்படி தரையிலிருந்து எடுக்கப்பட்ட கோணம், தொப்பியின் நிழலில் பாதி மறைந்த கண்கள். ஒரு கட்டத்தில் அதிகாரி யார், கள்ளநோட்டுக்காரன் யார் என்று ஒளி நமக்குச் சொல்வதில்லை. நீராவிக் குளியலறையில் ஒருவனை உள்ளே வைத்துப் பூட்டிக் கொல்லும் காட்சியில் வெண்புகையும் கண்ணாடியில் அழுந்திய முகமும்தான் தெரியும்.

ஆல்டனின் வெளிச்சத்தை மறந்துவிட்டாலும் மறக்க முடியாத காட்சி ஒன்று அதில் உண்டு. வேடத்தில் இருக்கும் இளைய அதிகாரி ஜெனாரோ, கும்பல் ஆளோடு சந்தையில் நடந்துபோகும்போது மனைவியின் தோழி அவனை அடையாளம் கண்டு பெயர் சொல்லி அழைத்துவிடுகிறாள். மனைவியும் உடன் நிற்கிறாள். ஒரு கணத்தில் நிலைமையைப் புரிந்துகொண்டு, இவர் என் கணவர் இல்லை என்று சொல்லிவிடுகிறாள். அதற்குப் பிறகும் சந்தேகம் தீராமல் ஜெனாரோவைச் சுட்டுக் கொல்லும்போது, கூட இருக்கும் மூத்த அதிகாரி முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. வெண்மதி அவர்கள் கேட்ட விலையை இங்கே காவலரே கொடுக்கிறார்.

1955இல் ஆல்டன் ஒளிப்பதிவு செய்த 'தி பிக் காம்போ' இன்னும் ஒரு படி மேலே போகிறது. இயக்கியவர் கணக்கர் ஐயா சொன்ன அதே ஜோசப் எச். லூயிஸ். காது கேட்கும் கருவி அணிந்த மெக்லூர் என்ற பழைய குண்டன், தன்னை ஓரங்கட்டிய கும்பல் தலைவன் மிஸ்டர் பிரௌனைக் கவிழ்க்கத் திட்டமிட்டுத் தோற்றுப்போகிறான். சுவரோரம் நின்று கெஞ்சும் அவனிடம், குண்டுச் சத்தம் உனக்குக் கேட்காதபடி செய்கிறேன் என்று சொல்லிப் பிரௌன் அந்தக் கருவியைக் காதிலிருந்து எடுத்துவிடுகிறான். அத்துடன் படத்தின் ஒலியும் நின்றுபோகிறது. இயந்திரத் துப்பாக்கிகள் நெருப்பைக் கக்குகின்றன, சத்தமே இல்லை. இதே கருவியை முன்பு காவல் அதிகாரி டயமண்டின் காதில் மாட்டி, வானொலியை உச்சத்தில் வைத்துச் சித்திரவதை செய்திருக்கிறார்கள். ஒரே பொருள் அதிகாரிக்குப் பேரிரைச்சலையும் குண்டனுக்கு மௌனத்தையும் தருகிறது. கார்னல் வைல்ட் நடித்த அந்த அதிகாரி பிரௌனைத் துரத்துவதற்குக் காரணம் சட்டமா, பிரௌனின் காதலிமீது அவருக்குள்ள ஆசையா என்று மேலதிகாரியே சந்தேகப்படுகிறார்.

கணக்கர் எழுதியது:

நிழற்கோடு அவர்கள் 'டி-மென்' படத்தைக் கொண்டுவந்ததில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி. அதன் தொடக்கத்தில் மேசையில் அமர்ந்து கருவூலத் துறையின் பிரிவுகளை நமக்கு விளக்கும் மனிதர் நடிகர் அல்லர். நான் முன்பு சொன்ன எல்மர் ஐரியே அவர். கபோன் வழக்கை நடத்திய மனிதர் ஓய்வுபெற்ற பின்னர் கேமராவின் முன் உட்கார்ந்து, சற்றே தயக்கத்துடன், எழுதிவைத்ததைப் படிக்கிறார். அடுத்த ஆண்டே காலமாகிவிட்டார். நடிப்பென்று பார்த்தால் மதிப்பெண் கிடைக்காது. ஆனால் அவர் முகம் திரையில் இருக்கிறது என்பதே எனக்குப் போதும்.

ஜெனாரோவின் மரணத்தைப் பற்றி ஒரு செய்தி. சட்ட அதிகாரிகள் குற்றவாளிகளின் கையால் சாவதைக் கதைக்கு முற்றிலும் தவிர்க்க முடியாத நிலையிலன்றிக் காட்டக் கூடாது என்று பிரீன் அலுவலகத்தின் விதிகள் சொல்லின. இயந்திரத் துப்பாக்கி குண்டர்களின் கையில் தெரிவதற்கும் தடை இருந்தது. அந்த விதிகளைப் படித்துவிட்டு 'டி-மென்' படத்தையும் 'பிக் காம்போ' படத்தையும் பார்த்தால், எட்டே ஆண்டு இடைவெளியில் பிடி எவ்வளவு தளர்ந்துவிட்டது என்பது புரியும்.

ஆற்றங்கரை எழுதியது:

ஒரு வாசகனின் கேள்வி. நான் பார்த்தது 1987இல் பிரையன் டி பால்மா எடுத்த 'தி அன்டச்சபிள்ஸ்' மட்டுமே. அதில் வரும் கணக்காளர் துப்பாக்கி ஏந்திக்கொண்டு ஓடுகிறாரே, அது கணக்கர் ஐயா சொன்ன வில்சனா? மேலே சொன்ன படங்களில் எதிலிருந்து தொடங்கலாம்?

கணக்கர் எழுதியது:

வில்சனின் நிழல் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் படத்தில் அவரைக் கொன்றுவிடுகிறார்கள். உண்மையில் வில்சன் கபோனைச் சிறைக்கு அனுப்பிவிட்டுப் பின்னாளில் ரகசியச் சேவைத் துறையின் தலைவரானார். படத்தில் நெஸ் மாடியிலிருந்து தள்ளிவிடும் கபோனின் கூட்டாளி ஃபிராங்க் நிட்டியும் 1943 வரை உயிரோடிருந்து தற்கொலை செய்துகொண்டவன். நெஸ்ஸின் புகழ் அவர் காலத்திலேயே பெருகியதும் அன்று; ஆஸ்கார் ஃபிரேலியுடன் சேர்ந்து எழுதிய நூல் வெளிவருவதற்கு முன்பே 1957இல் இறந்துவிட்டார். 1959இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர்தான் அவரை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. படம் அழகானது, மறுக்கவில்லை. வரலாற்றை அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம்.

திரைச்சுருள் எழுதியது:

ஆற்றங்கரை அவர்களுக்கு: 'ஒயிட் ஹீட்' படத்திலிருந்து தொடங்குங்கள். பிறகு 'தி பிக் ஹீட்'. இந்த இரண்டும் பிடித்துவிட்டால் 'டி-மென்' பாருங்கள். 'தி எஃப்.பி.ஐ. ஸ்டோரி' என்ற 1959ஆம் ஆண்டுப் படத்தை யாராவது பரிந்துரைத்தால் நயமாக மறுத்துவிடுங்கள். எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவரின் ஒப்புதலோடு, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம், ஜேம்ஸ் ஸ்டூவர்ட் போன்ற அருமையான நடிகரை வைத்துக்கொண்டு துறையின் சாதனைப் பட்டியலை வாசித்திருக்கிறார்கள். 'லிட்டில் சீசர்' எடுத்த மெர்வின் லீராய்தான் இதையும் எடுத்தார் என்பதை நம்பவே முடியாது. 1935இன் 'ஜி மென்' படத்தையே 1949இல் மறுவெளியீடு செய்தபோது, மூத்த அதிகாரி ஒருவர் பயிற்சி மாணவர்களுக்கு அதைப் போட்டுக்காட்டுவதாக ஒரு முன்காட்சியைச் சேர்த்தார்கள். படம் பாடமாகிவிட்டது.

வெண்மதி அவர்களின் திருத்தத்தைப் பாதி ஏற்கிறேன். விலை கொடுக்கப்படும் படங்களே நிற்கின்றன. அதை யார் கொடுக்கிறார்கள் என்பது படத்துக்குப் படம் மாறுகிறது. ஜெனாரோ தானே கொடுக்கிறான், பேனியனுக்காக மற்றவர்கள் கொடுக்கிறார்கள், பிரிக் டேவிஸுக்காக எழுத்தாளர் தள்ளுபடி செய்துவிடுகிறார்.

இரவுக்காட்சி எழுதியது:

தள்ளுபடி என்பதை ரசித்தேன். என் நிலையில் மாற்றமில்லை: கோடி ஜாரெட்டையும் மிஸ்டர் பிரௌனையும் எடுத்துவிட்டால் அந்தப் படங்களில் மிஞ்சுவது அலுவலகம்தான். கோப்பைப் புரட்டும் மனிதரைக் கொண்டு மட்டும் ஒரு முழுப் படத்தை விறுவிறுப்பாக நகர்த்த முடியும் என்று காட்டினால், அப்போது பேசலாம்.

கணக்கர் எழுதியது:

காட்டுகிறேன். 1951இல் வந்த 'தி என்ஃபோர்சர்'. ஹம்ஃப்ரி போகார்ட் அரசு வழக்கறிஞர். கூலிக்குக் கொலை செய்யும் நிறுவனம் ஒன்றின் தலைவன்மீது மறுநாள் காலையில் வழக்கு. இருக்கும் ஒரே சாட்சி, காவலர்களின் காவலில் இருக்கும்போதே முந்தைய இரவில் கட்டடத்திலிருந்து விழுந்து சாகிறான். இது கற்பனையன்று. 'மர்டர் இன்கார்ப்பரேட்டட்' கும்பலைக் காட்டிக்கொடுத்த ஏப் ரெலெஸ், 1941 நவம்பர் 12ஆம் நாள் கோனி தீவிலுள்ள ஹாஃப் மூன் விடுதியின் ஆறாவது மாடிச் சன்னலிலிருந்து, சுற்றிலும் காவலர்கள் இருக்கும்போதே விழுந்து செத்தான். தானாக விழுந்தானா, யாராவது தள்ளினார்களா என்பது இன்றுவரை தீரவில்லை.

படத்தில் போகார்ட்டுக்கு மிச்சமிருப்பது ஓர் இரவும் அறை நிறையக் கோப்புகளும்தான். எங்கோ ஒரு வரியை விட்டுவிட்டோம் என்ற உறுத்தலோடு அவர் முதலிலிருந்து புரட்டத் தொடங்குகிறார்; ஒவ்வொரு வாக்குமூலமும் ஒரு பின்கதையாக விரிகிறது, அந்தப் பின்கதைக்குள் இன்னொன்று. கும்பல் தலைவன் படத்தின் பிற்பகுதியில்தான் முழுதாகத் தெரியவருகிறான். வழக்கைத் தீர்ப்பது பழைய வாக்குமூலத்தில் கிடக்கும் ஒரு சிறு விவரம். அதைச் சொன்னால் ஆற்றங்கரை அவர்களுக்குப் படம் கெட்டுவிடும் என்பதால் விடுகிறேன். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான படம். பார்த்துவிட்டு வாருங்கள், இரவுக்காட்சி அவர்களே. அதில் கோடி ஜாரெட் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.